கேட் திறப்பதற்கு முன்னால் நிறுத்தச் சொன்னேன்

அண்ணி,

பின்கட்டில் உட்கார்ந்து மடவை மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது. பெரிய பெரிய சாவிகளாக இருக்க வேண்டும், அப்படி ஒரு சத்தம். நம் வீட்டில் அந்த மாதிரி பூட்டு ஏது? கையில் செதிலோடு எழுந்து போனேன். பவித்ரா கட்டிலில் கவிழ்ந்து படுத்து லேப்டாப்பில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளைக்காரப் பொம்பளைகள் சுவரோரமாக வரிசையாக நிற்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி கவுன், ஒரே மாதிரி முன்துணி. உதடே இல்லாத ஒருத்தி இடுப்பில் சாவிக்கொத்தோடு அவர்களைப் பார்த்துக்கொண்டே நடக்கிறாள்.

பவித்ரா என் மகன் பெற்ற பெண். நீ பார்த்ததில்லை. மீஞ்சூரில் ரயிலேறி சென்னைக்குப் போய்க் காலேஜில் சினிமாவைப் படிப்பாகப் படிக்கிறாள். நம் குப்பத்தில் வேறு எந்த வீட்டிலும் அப்படி ஒரு பெண் இல்லை. அதை நான் கரையில் நாலு பேர் காதில் விழும்படியாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

"இன்னாடி படம் இது?" என்றேன்.

"ஜெயில் படம் ஆயா. பொம்பளைங்க ஜெயில். அந்தக் காலத்துல இங்கிலாந்துல எடுத்தது. காலேஜில இத்தப் பத்தி எழுதிக் குடுக்கணும்."

"படம் புடிக்க அவங்களுக்கு வேற எடமே கெடைக்கலையா?"

"கொஞ்சக் காசுல எடுக்கறது ஆயா. ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு படம் காட்டுவாங்களாம். பெரிய படம் ஒண்ணு, அதுக்குத் தொணையா சின்னப் படம் ஒண்ணு. இது அந்தத் தொணைப் படம்."

சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் அடுத்தடுத்து இதே மாதிரிப் படங்களாகப் போட்டாள். கதவை அறைந்து சாத்தினால் ஜெயில் சுவரே ஆடுகிறது. அட்டைதானே! ஒரு படத்தில் கைதியாக இருந்து மூக்கைச் சிந்திய குண்டம்மா, அடுத்த படத்தில் வார்டராக வந்து மிரட்டுகிறாள். தரையைத் தேய்த்துத் தேய்த்து முட்டி வீங்கியவளுக்கு உதட்டுச் சாயம் மட்டும் கலையவில்லை. "ஜெயிலு உள்ள இவளுக்கு எவடி சாயம் வாங்கியாந்து குடுக்கறா?" என்று கேட்டேன். "சும்மா பாரு ஆயா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அப்புறம் புதிதாக ஒரு பெண்ணை உள்ளே கொண்டுவந்தார்கள். மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைக்கச் சொன்னார்கள். சீப்பை வாங்கிக்கொண்டார்கள். சுருள் முடியெல்லாம் தொப்பிக்குள் போனது.

"இவ இன்னா பண்ணா?"

"இவ ஒண்ணும் பண்ல ஆயா. புருஷன் பண்ணது. நெறைய படத்துல இதே கதைதான். புருஷனோ லவ் பண்ணவனோ ஓடிடுவான். இவ மாட்டிக்குவா."

பின்கட்டில் மீனைப் பூனை இழுத்துக்கொண்டு போனது கூட எனக்குத் தெரியவில்லை.

இந்த வீட்டில் உன் பேரை யாரும் சொல்வது கிடையாது, அண்ணி. அண்ணன் போட்டோ மட்டும் மாலையோடு மாட்டியிருக்கிறது. பக்கத்து ஆணி வெறும் ஆணியாகவே இருக்கிறது. பவித்ராவுக்கு அப்படி ஒரு பெரிய ஆயா இருந்ததே அன்றைக்கு வரை தெரியாது. அவளை டைப் அடித்துத் தரச் சொல்லாமல் இதை என் கையாலேயே எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்பு வரை படித்த கையெழுத்துதான். ஆனால் உன்னைப் பற்றி எழுத எனக்கு இன்னொரு கை வேண்டாம்.

போலீஸ் வந்த காலை எனக்கு அப்படியே கண்ணில் இருக்கிறது. வலைக் குவியலுக்கு அடியில் சாராயம் அடைத்த லாரி டியூப்பை ஒளித்து வைத்தது அண்ணன். ஜீப் சத்தம் கேட்டதும் ஏரிப் பக்கம் ஓடினதும் அண்ணன்தான். அவர் பேரில் கேஸ் எழுதினால் படகையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவார்கள் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அந்தப் படகு நம் நைனா காலத்துப் படகு. அதுதான் எங்கள் எல்லோருக்கும் சோறு. நீ முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து, "அது என்னுதுங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்றாய். ஜீப்பில் ஏறும்போது என்னிடம் திரும்பி, "அடுப்புல கொழம்பு இருக்கு பாப்பா, அடி புடிக்கப் போவுது" என்றாய். அவ்வளவுதான் நீ சொல்லிக்கொண்டு போனது.

அந்த ஜெயில் இருக்கிற ஊர்ப் பேரை இப்போதும் நான் வாயால் சொல்வதில்லை.

ஜெயிலுக்குப் போவதற்கு முன்னால் கரையில் நீ யாராக இருந்தாய் என்பதையும் எழுதிவிடுகிறேன். பவித்ரா படிக்கட்டும். படகு வந்து மீனைக் கொட்டினதும் ஏலம் ஆரம்பிக்கும். முதல் கூடையை எந்தக் கை வாங்குகிறதோ அதுதான் போணி. அந்தக் கையின் ராசிதான் அன்றைய வியாபாரம் முழுக்க என்று எல்லோரும் நம்புவார்கள். அந்தக் கை உன் கையாக இருந்தது. நீ வரக் கொஞ்சம் தாமதமானால் படகுக்காரர்கள் மீனைக் கொட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஏலம் கூறுகிறவர், "வாம்மா மகராசி! நீ கைய வெச்சாதான் எனக்கு வாயே தொறக்குது" என்பார். "தொறந்தா மூடத் தெரியாதே உனுக்கு" என்பாய் நீ. கரையே சிரிக்கும்.

நீ வெளியே வந்த அன்றைக்குக் கேட்டுக்கு வந்தது நான் மட்டும்தான். அண்ணன் வரவில்லை; தூரக் கடலுக்குப் போய்விட்டிருந்தார். ஏரி கடலில் கலக்கிற முகத்துவாரத்தில் உன்னை முழுக்காட்டி, மஞ்சள் தண்ணி ஊற்றி, பழைய புடவையை அங்கேயே தண்ணீரில் விட்டுவிட்டு வீட்டுக்குள் அழைத்துப்போனேன். செய்ய வேண்டியதை முறைப்படி செய்தாயிற்று, எல்லாம் கழுவிப் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் நாம் இரண்டு பேரும் கூடையோடு கரைக்குப் போனோம். பொம்பளைகள் நன்றாகத்தான் பேசினார்கள். "எளச்சிப் போயிட்டியே" என்று ஒருத்தி கன்னத்தைத் தொட்டாள். வெற்றிலை கூடக் கொடுத்தார்கள். முதல் படகு வந்தது. நீ வழக்கம் போலக் கூடையை முன்னால் வைத்தாய். ஏலக்காரர் உன் முகத்தைப் பார்க்காமல் மீனைப் பார்த்துக்கொண்டே, "இரும்மா, இன்னும் போணி ஆவல. ஆவட்டும், அப்புறம் வா" என்றார்.

நீ புரியாமல் நின்றாய். ஜெயிலுக்குப் போன கை போணிக்கு ஆகாது என்று உன் முதுகுக்குப் பின்னால் எப்போதோ முடிவாகியிருந்தது. உன்னிடம் சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அடுத்த படகுக்குப் போனாய். "போணி ஆவட்டும்மா." அதற்கடுத்த படகு. "போணி ஆவட்டும்." போணி ஆகி முடிகிற நேரத்துக்கு இறாலும் இருக்காது, நண்டும் இருக்காது. நசுங்கினதும் பொடியும்தான் மிஞ்சும். அதை வாங்கிக்கொண்டு எந்த ஊரில் போய் விற்பது?

என் கூடையில் பாதியை உன் கூடையில் கொட்டினேன். நீ அதை அப்படியே திருப்பிக் கொட்டினாய். "பிச்ச போடறியா பாப்பா?" என்றாய்.

ஆனாலும் தினமும் வந்தாய். யாராவது ஒருவர் மாறுவார் என்று நினைத்தாய். யாரும் உன்னைத் திட்டவில்லை, போ என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நீ கேட்டிருப்பாய் கேள்வி. எனக்குத் தெரியாதா உன் வாயை?

அதற்குள் அண்ணன் தூரக் கடலிலிருந்து திரும்பியிருந்தார். ஒரு காலையில் கடைசியாக நம் படகு வந்தது. நீ புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, இடுப்பில் கூடையோடு படகுக்கே போய்விட்டாய். நீ ஜெயிலுக்குப் போய்க் காப்பாற்றின படகு. உன் புருஷன் முன்பக்கத்தில் நிற்கிறார். அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

"போணி ஆவட்டும். அப்புறம் வா."

நீ கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாய். "ஆவட்டும்" என்றாய். திரும்பி வந்தாய். கூடையில் ஏரித் தண்ணீர் ஏறியிருந்தது. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாய்.

அன்றைக்கு நான் அண்ணனைக் கேட்டேன். "யாரால அந்தப் படகு கரையில நிக்குதுன்னு உனுக்குத் தெரியுமா தெரியாதா?"

"எனக்குத் தெரியாதாடி? ஊரு ஒப்பலன்னா என்கூட ஒருத்தன் படகு ஏற மாட்டான். வெறும் படகை வெச்சிக்கினு நான் நாக்கு வழிக்கிறதா?"

"அப்போ அவ?"

உள்ளேயிருந்து நீதான் பதில் சொன்னாய். "உடு பாப்பா. அவரு சொல்றதும் நெசந்தான்." உன் குரலில் கோபம் இருக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இல்லை. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

நீ உன் அம்மா வீட்டுக்கு, சுண்ணாம்புக்குளத்துக்குப் போய்விட்டாய். கரைக்கு மறுபடி வரவேயில்லை. அங்கே இறால் உரிக்கிற ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தாய் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்தேன். கேட்டில் வாட்ச்மேன் என் பையைத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் விட்டான். உள்ளே வரிசையாகப் பொம்பளைகள். எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை, தலையில் தொப்பி. பவித்ரா போட்ட படத்தில் அந்த வரிசையைப் பார்த்ததும் அதனால்தான் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இன்னாரென்று தெரியாமல் உன்னைத் தேடினேன். நீதான் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாய். ஐஸ் தண்ணீரில் ஊறி விரலெல்லாம் வெளுத்து, தோல் உரிந்திருந்தது. அந்தக் கைதான், கரை முழுக்கக் காத்திருந்த கை.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நான் கொண்டுவந்த மீன் வறுவலைத் தின்றாய். அப்போது சொன்னாய்: "உள்ள எனுக்கு சமையக்கட்டுல வேல குடுத்தாங்க பாப்பா. தட்ட நீட்டிக்கினு வரிசையா வருவாளுங்க. நான்தான் சோறு போடுவேன். ஒருத்தியும் என் கையப் பாத்து மொகம் சுளிச்சது இல்ல." அப்புறம், "கேட்டத் தொறந்து உட்டாங்க பாரு, அதோட போச்சு" என்றாய்.

நான் முள்ளை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச்சளி கண்டு நீ கண்மூடினபோது ஊரே வண்டி கட்டிக்கொண்டு வந்தது. ஏலக்காரர் வந்தார். கன்னத்தைத் தொட்டவள் வந்தாள். அண்ணன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். உன் கையிலிருந்து ஒன்றும் வாங்காதவர்கள் எல்லோரும் வரிசையாக நின்று உன் வாயில் அரிசி போட்டார்கள். உனக்கும் எழுந்து, "போணி ஆவட்டும், அப்புறம் வாங்க" என்று சொல்ல முடியவில்லை. நான் சொல்லலாமா என்று பார்த்தேன். சொல்லி என்ன ஆகப் போகிறது என்று அரிசியைப் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

பவித்ரா போட்ட அந்தப் புதுப் பெண்ணின் படம் கடைசியில் எப்படி முடிகிறது தெரியுமா? சாவி திரும்புகிறது. பெரிய கேட் திறக்கிறது. பாட்டு வாசிக்கிறார்கள். அந்தப் பெண் மூட்டையோடு வெளியே நடக்கிறாள், பனியில்.

"அப்பாடா, ரிலீஸ் ஆயிட்டா" என்றாள் பவித்ரா.

"எங்க போறா?"

"வூட்டுக்கு."

"வூட்ல சேத்துக்கினாங்களா?"

"அது படத்துல இல்ல ஆயா. இதோட முடிஞ்சிடுது."

அப்புறம்தான் அவளிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். முழுக்கச் சொன்னேன். அவள் லேப்டாப்பை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்தபோது சுவரில் அண்ணன் போட்டோவை ஒரு தரம் பார்த்தாள், பக்கத்து ஆணியைப் பார்த்தாள். "அவங்க போட்டோ ஒண்ணு கூட இல்லியா ஆயா?" என்றாள். இல்லை. உன்னை யார் போட்டோ எடுத்தார்கள்?

"அந்தக் கடசிய இன்னொரு வாட்டி போடு" என்றேன். போட்டாள். அந்தப் பெண் சொந்தத் துணியை உடுத்திக்கொண்டாள், மோதிரத்தை வாங்கிப் போட்டுக்கொண்டாள், கேட்டுக்கு உள்பக்கம் வந்து நின்றாள். வார்டர் சாவியைப் பூட்டில் வைத்தாள்.

"நிறுத்து."

நின்றது.

"முடிவு பாக்க வேணாமா ஆயா?"

"வேணாம்."

இப்போது அவள் காலேஜுக்குப் போகிற நேரமெல்லாம் அப்படித்தான் நிறுத்தி வைத்துவிட்டுப் போகச் சொல்கிறேன். அந்த வெள்ளைக்காரி மூட்டையோடு நிற்கிறாள். முகத்தில் சிரிப்பு வந்தும் வராமலும் இருக்கிறது. கேட் திறக்கவில்லை.

நீயும் அப்படித்தான் நின்றாய், அண்ணி. கம்பிக்கு அந்தப் பக்கம், மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. அண்ணன் ஏன் வரவில்லை என்று கேட்பாய், என்ன சொல்வது என்று நான் பதறிக்கொண்டிருந்தேன். நீ அதைக் கேட்கவேயில்லை.

"கரையில இப்ப இன்னா மீனு பாப்பா?"

"மடவ அண்ணி. கொழுத்துக் கெடக்குது."

சிரித்தாய். கம்பி வழியாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"நாளைக்கு விடிகாலையிலயே போயிடணும். எனுக்காவ ஏலத்த நிறுத்தி வெச்சிக்கினு நிப்பாங்க."