திரைக்குப் பின்னால ஒரு கை

2008 ஜூலை 14, திங்கள்.

தூக்கம் வரல. அமெரிக்காவுல கடன் கட்ட முடியாம பேங்க் எடுக்கப்போற வீடுகளோட விலை மதிப்பீட்ட ஹட்டன்ல உக்காந்து சரிபார்க்கிறதுதான் என் வேலை. வீட்ட நேர்ல பாக்க வழியில்ல, போட்டோ மட்டுந்தான். இன்னைக்கு வந்த அறிக்கையில "இங்கு யாரும் வசிக்கவில்லை"ன்னு இருந்துச்சு. ஆனா போட்டோவுல ஜன்னல் திரைய ஒரு கை விலக்கிப் பிடிச்சிருந்துச்சு.

கொழும்பு ஆபீஸ்ல எனக்கு மேல இருக்கிற சேருக்குப் போன் பண்ணினேன். அவர் யாழ்ப்பாணத்து ஆள்.

"விலை சரியோ எண்டு மட்டும் பாருங்கோ பிள்ளை. திருப்பி அனுப்பினா அவங்கள் எங்களுக்கு வேலை தரமாட்டாங்கள்."

"காலி வீடுன்னு பேங்க்காரங்க பூட்டிட்டா என்ன சேர் செய்வாங்க?"

"உங்கட விருப்பம்"னு போன வச்சிட்டார்.

ஆள் இருக்காங்க, மறுபடி போய்ப் பாருங்கன்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டேன். அதுக்குப் பிறகு எனக்கு வேற வேலையே வரல. நாளைக்கும் வராதோ?

மலையில தேயிலைக் கொழுந்தெடுத்துட்டு வந்த அம்மாகிட்ட சொன்னேன். வேலையப் பத்தி ஒன்னும் கேக்கல.

"வயசான கையா?"

"ஆமாம்மா. நடுங்கின மாதிரி மங்கலா விழுந்திருக்கு."

ராத்திரி அமெரிக்காவுலேயிருந்து ஒரு வரி பதில் வந்துச்சு: இன்றே ஆள் அனுப்புகிறோம்.

அங்க இப்ப பகல். யாரோ போய்க் கதவைத் தட்டிக்கிட்டிருப்பாங்க. பூட்டத்தான் வந்திருக்காங்கன்னு உள்ள இருக்கிறவங்க பயந்து, திறக்காம இருந்துடுவாங்களோ.