எல் என்றால் லோக்கல்

நேற்று உன் கருமாதிச் சாப்பாடு முடிந்து திண்டிவனத்திலிருந்து திரும்பும்போது வழியில் டயர் பஞ்சர். பஞ்சர் கடைக்காரர் நட்டில் ஸ்பானரை மாட்டி அதன்மேல் ஏறி நின்றார். மண்ணெண்ணெய் ஊற்றிய துருவின் வாடை மூக்கில் ஏறியது. ஓரமாக உட்கார்ந்திருந்த எனக்கு உன் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. செத்துப் பதினாறு நாள் ஆனவன் மேல் கோபப்படக் கூடாதுதான். எனக்கு வருகிறது, என்ன செய்ய?

எண்பதுகளில் நம் இரண்டு பேருக்கும் அந்த ராணுவ லாரியைத் தவிர வேறு நினைப்பு ஏது? உலகப் போர்க் காலத்து வண்டி. யாரோ ஏலத்தில் எடுத்து, கரும்பு ஏற்றி ஓட்டி, காணை கிராமத்தில் வேர்க்கடலை மூட்டை அடுக்கும் ஒரு மல்லாட்டை குடோனுக்குப் பின்னால் போட்டுவிட்டிருந்தார்கள். என் அப்பா பட்டாளத்தில் அதே மாதிரி வண்டி ஓட்டியவர். விழுப்புரம் வீட்டில் நெஞ்சுவலியோடு படுத்திருந்த அவரை, கண் மூடுவதற்குள் ஒருமுறை அந்த ஸ்டியரிங் முன்னால் உட்காரவைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. உனக்கும்தான். நீயும் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவாய். வண்டி தயாராகும்வரை அவரிடம் மூச்சு விடக் கூடாது என்று பேசிவைத்திருந்தோம்.

வலது பக்கச் சக்கரங்கள் சமர்த்தாகக் கழன்றன. இடது பக்கம் அசையவே இல்லை. நீயும் நானும் மாற்றி மாற்றி ஸ்பானர் மேல் ஏறிக் குதித்ததில் போல்ட்டுகள் ஒவ்வொன்றாக முறிந்தன. துருதான் காரணம் என்று துருவைத் திட்டினோம். லேத்தில் கடைந்து போட்டுக்கொள்ளலாம் என்றாய். நான் ஒப்பவில்லை. அப்பா தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார், ஒரிஜினல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். என் பிடிவாதத்துக்காக நீ மாதக்கணக்கில் காயலான் கடை காயலான் கடையாக அலைந்தாய்.

கடைசியில் திண்டிவனத்தில் ஒரு கடையில் முழு செட்டும் கிடைத்தது. மாதிரிக்கு ஒரே ஒரு போல்ட்டை வாங்கி, துணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தாய். அதன் முனையில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து பொறித்திருந்தது. வலது பக்கத்து நட்டு ஒன்றை எடுத்து அதில் திருகிப் பார்த்தேன். மரை பிடிக்கவே இல்லை.

"எல்லுன்னா லோக்கல்டா. டூப்ளிகேட் மாலு. உன் தலையில கட்டிட்டான். போய்த் திருப்பிக் குடுத்துரு" என்றேன்.

"பாத்தா பழைய மாலு மாரிதான் கீது. ஒரு வாட்டி வண்டில வெச்சிப் பாத்துக்கினு அப்பறம் குடுக்கலாமே" என்றாய்.

நான் கேட்கவில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்ப்பவன் நான், ஒரிஜினல் எது லோக்கல் எது என்று எனக்கே சொல்லித்தருகிறாயா என்று நக்கலடித்தேன். மறுநாள் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாய்.

அப்பாவுக்கு உடம்பு மோசமானபோது, இனியும் மறைக்க முடியாமல் விஷயத்தை உடைத்தோம். போல்ட் கதையைக் கேட்டதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"எல்லுன்னா லெப்ட்டுடா. எடது பக்கத்துக்கு மரை உல்டாவா இருக்கும். வலது பக்கம் மாரி திருப்பினா கழலாது, இன்னும் இறுகிக்கும். ஓடற ஓட்டத்துல நட்டு கழண்டுக்கக் கூடாதுன்னு அப்படி வெச்சிருப்பான். என்னை ஒரு வார்த்த கேக்கறதுக்கு இன்னா?"

அடுத்த பஸ்ஸிலேயே திண்டிவனம் ஓடினோம். முந்தின வாரம்தான் கடைக்காரர் மொத்த இரும்பையும் உருக்குவதற்கு லாரி ஏற்றி அனுப்பியிருந்தார். வெறுங்கையோடு வந்து நின்றோம்.

"கைக்கு வந்தத எந்த மடையன்டா வேணாம்னு திருப்பிக் குடுத்தது?" என்று கேட்டார் அப்பா.

"இவன்தாம்பா" என்று உன்னைக் காட்டினேன்.

நீ என்னைப் பார்த்தாய். பிறகு அவரிடம், "ஆமாம்பா, நான்தான் தப்பாப் பாத்துட்டேன்" என்றாய்.

"இனிமே இவன் கைல ஸ்பானர் குடுக்காத" என்று சொல்லி அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு உன்னோடு பேசவே இல்லை. இருபது நாளில் போய்விட்டார். பாடை தூக்க வந்த உன்னை என் சித்தப்பா தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. வண்டியை அந்த வருஷமே எடைக்குப் போட்டேன்.

நீ ஏன்டா வாயைத் திறக்கவில்லை? லோக்கல் என்று சொன்னது உங்கள் பிள்ளைதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா என்னை நாலு திட்டு திட்டியிருப்பார். பெற்ற பிள்ளையை எத்தனை நாள் கோபித்துக்கொண்டிருப்பார்? ஆனால் நீ பெரிய மனுஷன் ஆகிவிட்டாய். அதற்கப்புறமும் வருஷம் தவறாமல் தீபாவளிக்கு வந்தாய், என் பிள்ளைகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறினாய், ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சண்டை போட்டாவது ஒத்துக்கொண்டிருப்பேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான், அதற்கும் நீதான் முதலில் ஆரம்பித்திருக்க வேண்டும் என்கிறேன், பார். எழுதும்போதே என் மேல் எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வருகிறது.

நேற்றுப் பந்தியில் உன் மனைவி என் இலைக்கு முன்னால் வந்து நின்றாள். "ஒங்களப் பத்தி ஒரு நாளும் ஒரு கொறை சொன்னதில்லண்ணா" என்றாள். பாதியிலேயே இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

பஞ்சர் ஒட்டி முடித்துக் கார் கிளம்பியது. ஓட்டிக்கொண்டிருந்த என் மூத்த மகன் கேட்டான்.

"தாத்தா ஓட்டணும்னு ஆசப்பட்ட வண்டியக் கெடுத்தது இந்த மாமாதானப்பா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.