பார்த்திபன் மாமனுக்குக் காரா, பஸ்ஸா

கும்மிடிப்பூண்டி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஹேமநாத்துக்கு உன் நைனா எழுதிக்கொள்வது. என் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சுகமாக இருக்கிறது, நியூசிலாந்துக் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று கேட்டால் எங்களுக்கு அதுவே போதும். நீ கேட்ட பாலிடெக்னிக் சர்டிபிகேட்டை எடுத்துவிட்டேன், இந்தக் கவரிலேயே இருக்கிறது. ஊறுகாய் வைக்கலாம் என்றால் அங்கே பிடுங்கிக்கொள்வார்கள் என்கிறாய், அதனால் வைக்கவில்லை. இங்கே புதிதாக ஒன்றுமில்லை, சிப்காட் இரும்பு மில் கரி வழக்கம்போல மொட்டை மாடியில் படிகிறது, உன் அம்மா காயப்போட்ட வடகம் எள்ளு வடகம் மாதிரி ஆகிவிட்டது என்று மில்காரனைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போன் வந்தாலே ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள், அவள் தம்பியைப் பற்றி அவள் எதிரிலேயே நான் எப்படிப் பேசுவது.

விஷயம் அதுதான். உன் மாமன் பார்த்திபன் போன வாரம் எளாவூரிலிருந்து ஸ்வீட் டப்பாவோடு வந்தான். வாசலில் நின்றே பேசிவிட்டுப் போகிறவன் அன்றைக்கு உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான், அப்போதே தெரிந்தது ஏதோ காரியம் ஆக வேண்டும் என்று. லாரி ஆபீஸ் நன்றாக ஓடுகிறதாம், அவனும் அவன் பெண்டாட்டி துர்காதேவியும் நியூசிலாந்து சுற்றிப் பார்க்கப் போகிறார்களாம். அங்க காரு வாடகைக்கு எடுக்கறதா, இல்ல பஸ்ஸு ரயிலே போதுமா, ஹேமநாத்தக் கேட்டுச் சொல்லு மாமா என்றான். காரு எடுத்தா அவனே லீவ் போட்டுக்கினு ஓட்டினா நல்லாருக்கும், எனக்கு அந்த ரோடு பழக்கமில்ல என்று அதையும் சேர்த்துக்கொண்டான். நீயும் போனில் பெரிய மனசாகச் சொல்லிவிட்டாய், மலைப்பக்கம் பஸ் நாளைக்கு ஒன்றோ இரண்டோதான், விட்டால் அடுத்த நாள்தான், கார் என்றால் நினைத்த இடத்தில் நிறுத்தி ஏரியைப் பார்க்கலாம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், ஐந்து நாள் லீவ் போடுகிறேன் என்று. நீ சொன்னது அத்தனையும் நியாயம். அதனால்தான் சொல்கிறேன், அவனுக்குப் பஸ்ஸில் டிக்கெட் போடு.

உன் அம்மாவைப் பெற்ற திருவாலங்காட்டுத் தாத்தா செத்த அன்றைக்கு நீ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய், உனக்கு யாரும் முழுசாகச் சொல்லவில்லை. பதினொரு வருஷம் ஆகிறது. நான் நைட் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினதும் சேதி வந்தது. நாங்க காருலதான் திருவாலங்காடு போறோம், பைபாஸ்ல வந்து நில்லுங்க மாமா என்று இவன்தான் போன் செய்தான். நின்றோம். செத்தவருக்குப் பெண் தன் வீட்டு அரிசியால் வாய்க்கரிசி போடுவது அவர்கள் வழக்கம், உன் அம்மா ஒரு பிடி அரிசியை முந்தானையில் முடிந்துகொண்டு நின்றாள். முக்கால் மணி கழித்து வெள்ளைக் கார் வந்தது. உள்ளே அவன் மாமனார், மாமியார், மச்சினி. கண்ணாடியைப் பாதி இறக்கினான். எடம் இல்ல மாமா, பஸ் புடிச்சி வந்துடுங்க, அக்கா வர்ற வரைக்கும் எடுக்காம நிறுத்தி வெக்கறேன் என்றான். கண்ணாடி ஏறிவிட்டது. கவரைப்பேட்டையில் ஒரு பஸ், பெரியபாளையத்தில் ஒரு பஸ், திருவள்ளூரில் ஒரு பஸ். உன் அம்மா ஒவ்வொரு டிரைவரிடமும் சீக்கிரம் போப்பா என்று கெஞ்சினாள். போய்ச் சேர்ந்தபோது வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள், தெருவெல்லாம் பூ. பெண்கள் சுடுகாட்டுக்குப் போகக்கூடாதே. பெற்ற அப்பன் முகத்தைப் பார்க்காமல் தெருமுனையில் அந்தப் பூவின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். தன் மாமனாருக்குச் சக்கரை வியாதி, ரொம்ப நேரம் காத்திருக்க முடியாது என்று எடுத்துவிட்டானாம். அதை அவன் சொன்னபோது அவன் சட்டையைப் பிடிக்கப் போனேன், உன் அம்மாதான் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

அன்றிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்தேன். நீ ஒன்று செய். ஒரு காரை எடுத்துக்கொண்டு அவர்கள் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்குப் போ. பெட்டிகளோடு ஐஸ் காற்றில் நிற்பான். கண்ணாடியைப் பாதி மட்டும் இறக்கு. எடம் இல்ல மாமா, பஸ் புடிச்சி வந்துடுங்க என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிவிடு. அவன் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்து எனக்கு எழுது, முடிந்தால் போட்டோ எடுத்து அனுப்பு. பாவம் என்று உனக்குத் தோன்றும், உனக்கு உன் அம்மா மனசு. அவள் இன்றைக்கும் அவனுக்கு ஊறுகாய் போட்டு அனுப்புகிறாள், ஒரு நாளாவது ஒரு வார்த்தை கேட்டவள் இல்லை, அதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

இதுவரைக்கும் எழுதிவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் உன் அம்மா கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் படித்துவிட்டாள். என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவன் என்று சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் சத்தமே போடவில்லை. பஸ் வேணாம், காரே எடுக்கச் சொல்லு என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது, இத்தனைக்கப்புறமும் தம்பி பாசமா என்று கத்தினேன். அதுக்கு அவள், பஸ்ஸுன்னா புடிக்காத பேச்சு வந்தா அடுத்த ஸ்டாப்புல எறங்கிப் பூடுவான், காருல எங்க எறங்குவான் என்றாள். எனக்குப் புரியவில்லை. கருமாதிக்கு அழைக்கப் பதினோராம் நாள் நம்ம ஊட்டுக்கு வந்தானே, ஞாபகம் இருக்கா என்று கேட்டாள். இருக்கிறது, கத்திரிக்காய்க் குழம்பு, இன்னொரு தரம் சோறு கேட்டு வாங்கித் தின்றான். முந்தானையில முடிஞ்சி எடுத்தாந்த அரிசியத்தான் அன்னிக்கி அவன் சோத்துல போட்டுப் பொங்கினேன் என்றாள். எங்கப்பன் வாய்க்குப் போவாத அரிசி அவன் வாய்க்குப் போச்சி, அத ஹேமநாத்து அவன்கிட்ட சொல்லணும் என்றாள்.

 நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்துதானே தின்றேன் என்று கேட்டேன். உனுக்கு வேற குண்டான்ல வெச்சேன் என்று சொல்லிவிட்டு வடகத்தைத் திருப்பிப் போட மாடிக்குப் போய்விட்டாள். பதினொரு வருஷம் நான் வாயால் கறுவிக்கொண்டே இருந்தேன், அவள் பதினோராம் நாளே முடித்துவிட்டு, அவனுக்கு ஊறுகாயும் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆகையால் மேலே நான் எழுதினதை விட்டுவிடு, கார் எடு. நல்ல காராக எடு. லீவ் போட்டு நீயே ஓட்டு, மரியாதையாக அவனை முன் சீட்டில் உட்கார வை, ஏரியெல்லாம் காட்டு, சாப்பாடு வாங்கிக் கொடு. நாலாம் நாள், வீடு வாசல் எதுவும் இல்லாத மலை ரோடாகப் பார்த்துச் சொல். நீயாக ஒரு வார்த்தையும் கூட்ட வேண்டாம், உன் அம்மா சொன்னபடி சொன்னால் போதும்.

வேளைக்குச் சாப்பிடு, தூக்கம் கெட்டு வண்டி ஓட்டாதே, காதுக்குக் குல்லா போடு. நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று எங்கள் இருவருடைய ஆசீர்வாதம். மறக்காமல் ஒன்று, வண்டி கிளம்பும் முன் உன் மாமனை சீட் பெல்ட் போடச் சொல்.

இப்படிக்கு
உன் நைனா
செங்கல்வராயன்