ஒன்பது பக்கத்தில் விடுபட்ட ஒரு வரி

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம். அங்கே நீயும் அவ்வாறே என்று எழுதித் தொடங்குவது என் வழக்கம். நீ நலமாக இல்லை என்பதை அயலார் வாயால் கேட்ட பிறகு அந்த வரியை எழுத என் கை ஒப்பவில்லை. தொலைபேசியில் பேசியிருக்கலாமே என்பாய். பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று நாலு முறை சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, ஆகவே கடைசி வரி வரைக்கும் உட்கார்ந்து படி.

செவ்வாய்க்கிழமை காலை உன் துறைமுகத்து மேற்பார்வையாளர் அம்மையார் பேசினார். "பயப்படாதீங்க ஐயா, ஏணியில நாலாவது படியிலதான் உங்க பொண்ணுக்குக் கண்ணு இருட்டிச்சு, கீழ நின்னவங்க பிடிச்சுட்டாங்க" என்றார். நாலாவது படி என்பது எனக்கு ஆறுதலாம். நாற்பது மீட்டர் உயரத்தில் பாரந்தூக்கியின் கூண்டுக்குள் உட்கார்ந்து கப்பலிலிருந்து சரக்குப் பெட்டிகளை இறக்குகிறவள், நான்கு மாதமாகக் காலையில் வெறுந் தேநீரோடு ஏணி ஏறியிருக்கிறாளாம். இரத்தத்தில் இரும்புச் சத்து இருக்கவேண்டியதில் பாதிதான் இருக்கிறதாம். ஆறு வாரம் கழித்து மறுபடி சோதிப்பார்களாம். அதுவரை ஏணியில் கால் வைக்கக் கூடாதாம். அப்போதும் அளவு ஏறாவிட்டால் கூண்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு உன்னை மேசை வேலைக்கு அனுப்பிவிடுவார்களாம். ஆறு ஆண்டு கீழே நின்று கம்பி வடம் மாட்டி, "பொம்பளைக்கு எதுக்கும்மா இந்த வேலை" என்ற ஏளனத்தையெல்லாம் விழுங்கி நீ ஏறிய கூண்டு அது. ஏளனத்தை விழுங்கத் தெரிந்தவளுக்குக் காலையில் இரண்டு வாய் உணவை விழுங்கத் தெரியவில்லையா?

என் சினம் நீ உண்ணாததற்காக மட்டும் அன்று. நான்கு மாதத்துக்கு முன் கம்பு, சோளம், கொள்ளு, பச்சைப்பயறு, பருப்பு, அரிசி என்று தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, அவற்றைக் கொண்டு காலையில் அடை செய்து உண்ணும் முறையை ஒன்பது பக்கத்துக்கு எழுதி உனக்கு அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்துக் கேட்டபோது "நல்லா வந்துதுப்பா, தினமும் அதுதான்" என்றாய். நம்பினேன். சென்ற மாதம் நூலக அரங்கில் சிறுதானியம் குறித்து ஒன்றரை மணி நேரம் பேசி, என் மகள் இரண்டு அடை உண்டுவிட்டு நாள்தோறும் விண்ணில் ஏறுகிறாள் என்று முடித்தேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அன்று காலையும் நீ வெறும் வயிற்றோடு ஏறியிருக்கிறாய். நாற்பது ஆண்டாக மேடையில் நிற்கிறேன், என்னை எதிர்த்துப் பேசியவர்கள்கூட நான் பொய் சொன்னதாகச் சொன்னதில்லை. நீ என்னைப் பொய் சொல்ல வைத்தாய்.

செவ்வாய் மாலையே உன்னோடு அறையில் தங்கியிருக்கும் செவிலிப் பெண்ணை அழைத்தேன். "அத ஏன் கேக்கறீங்கப்பா, மிக்சியில ஜல்லி அரைக்கிற மாதிரி சத்தம். கல்லுல ஊத்தினா மணல் வேற தண்ணி வேறன்னு பிரிஞ்சு ஓடுது. இவ விடாம மூணு நாள் தின்னா, நாலாம் நாள் வயித்தப் பிடிச்சுக்கிட்டுப் படுத்துட்டா, மிக்சியும் புகைஞ்சு போச்சு. அப்பாகிட்ட சொல்லுடின்னேன், அவர் மனசு கஷ்டப்படும்னுட்டா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தையற்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்து கால் நீட்டியிருந்த உன் அம்மாவிடம், பெண்ணுக்கு ஒரு மாவு அரைக்கக் கற்றுக்கொடுக்கவில்லையே என்று பாய்ந்தேன். எந்தக் கடிதத்துக்கும் நான் நகல் ஒன்று எழுதி வைத்துக்கொள்பவன் அல்லவா, அதைக் கொண்டுவரச் சொன்னாள். கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒன்பது பக்கத்தையும் படித்தாள். "கம்பு வறண்ட நிலத்துல தாக்குப்பிடிக்கிறதப் பத்தி ஒன்றரைப் பக்கம் இருக்கு. ஊற வைக்கணும்னு எங்கங்க இருக்கு?" என்று கேட்டாள். பிடுங்கித் தேடினேன். இல்லை. மறுபடியும் தேடினேன். முப்பது ஆண்டாக ஊற வைத்தவளும் அவள், அரைத்தவளும் சுட்டவளும் அவள். நான் உண்டேன், புகழ்ந்தேன். அந்தப் புகழ்ச்சியைத்தான் செய்முறை என்று உனக்கு எழுதியிருக்கிறேன். "எழுதறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள். எந்த எதிர்வாதமும் என்னை அப்படி உட்கார வைத்ததில்லை.

ஆகவே பாதிச் சினம் என்மீது. மீதிப் பாதி உன்மீதுதான், அதில் குறைப்பதாக இல்லை. வயிறு வலித்த அன்றே "அப்பா, உங்க அடை கல்லு மாதிரி இருக்கு" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான்கு மாதப் பட்டினி இல்லை, மயக்கம் இல்லை. என் மனம் நோகுமென்று அஞ்சினாயாம். நீ ஏணியிலிருந்து விழுந்திருந்தால் அது நோகாதா? சொல்.

மூன்று நாளாக நானே அடுப்படியில் நிற்கிறேன். முதல் நாள் கல்லோடு ஒட்டிக்கொண்டது, இரண்டாம் நாள் வெளியே கரியும் உள்ளே பச்சையுமாக வந்தது, மூன்றாம் நாள் முழுதாக எழுந்தது, விரல் நுனியும் சுட்டது. உன் அம்மா இரண்டு உண்டுவிட்டு "உப்பு கம்மி" என்று சொல்லி வேலைக்குப் போய்விட்டாள். இனி எழுதுவது என் கை அறிந்தது. முழுத் தானியமும் பயறும் கொள்ளும் சேர்ந்து ஒரு குவளை, இட்லி அரிசி ஒரு குவளை, துவரை, கடலை, உளுந்து மூன்றும் சேர்ந்து ஒரு குவளை. மாலையில் வேலை விட்டு வந்ததும் முழுத் தானியத்தைக் கழுவி நிறைய நீரில் ஊறப் போடு, படுக்கும்போது அரிசியையும் பருப்பையும் வேறாக ஊறப் போடு. காலையில் நீரை வடித்து, காய்ந்த மிளகாய் நான்கு, இஞ்சி ஒரு துண்டு, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரை. மாவு கரண்டியிலிருந்து ஓடக் கூடாது, பொத்தென்று விழ வேண்டும். வெங்காயமும் அங்கே கிடைக்கும் ஏதேனும் ஒரு கீரையும் அரிந்து கலந்து, காய்ந்த கல்லில் கனமாகப் பரப்பி, நடுவில் ஒரு துளையிட்டு, துளையிலும் ஓரத்திலும் எண்ணெய் விட்டு, மூடிச் சிறு தீயில் பொறுத்திரு. ஓரம் தானாக எழும். அதற்குமுன் திருப்பினால் என் முதல் நாள் கதைதான். மருத்துவர் தந்த மாத்திரையை ஒரு நாளும் விடாதே, அதை ஒட்டித் தேநீர் குடிக்காதே, ஒரு மணி நேரமாவது போகட்டும். புது மிக்சி தனிப் பெட்டியில் வருகிறது.

வரும் ஞாயிறு அதே அரங்கில் எனக்குக் கூட்டம். சென்ற மாதம் சொன்னது உண்மையன்று, அதில் என் பிழையும் உண்டு என்பதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன். நீயும் ஒன்று செய். ஆறாவது வாரம் சோதனைத் தாளில் என்ன எண் இருக்கிறதோ, ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும், அந்த எண்ணை அப்படியே என்னிடம் படித்துக் காட்டு. "நல்லா வந்துதுப்பா" என்று மட்டும் சொல்லாதே.

உடல் உரம் பெற்று, உன் கூண்டு உனக்கே நிலைக்க, நெடுநாள் வாழ்க.

சினம் இன்னும் ஆறாத
உன் அப்பா

உறையை ஒட்டறதுக்கு முன்னாடி அம்மா எழுதறேன். உப்பெல்லாம் சரியாத்தான் இருந்துது. நல்லா இருக்குன்னு சொன்னா அதையும் மேடையில பேசிடுவாரு. நீ சாப்பிடு கண்ணு.