மழைக்குப் பெயர் வைத்த ஊர்

10 ஜூன் 1968, திங்கள்

இன்று என் மானம் போனது.

காலையில் ஓட்டின் மேல் சடசடவென்று சத்தம். மழை! மொரப்பூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவளுக்கு அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? குடம், அண்டா, சொம்பு, டிரங்குப் பெட்டியின் மேல் கவிழ்த்திருந்த தாம்பாளம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய் ஓட்டுத் தண்ணீர் ஒழுகும் இறவாணத்தின் கீழ் வரிசையாக வைத்தேன். தெருவில் நின்று முகத்தை நிமிர்த்தி நனைந்தேன். எங்கள் ஊரில் இப்படி ஒரு மழை வந்தால் ஊரே வாசலுக்கு வந்துவிடும். இங்கேயும் வந்தார்கள். மழையைப் பார்க்க இல்லை, என்னைப் பார்க்க.

வீட்டுக்காரம்மா காவேரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். அவர்கள் வீட்டுக்குள் கன்னடம், என்னிடம் தமிழ். "அதை ஏன் நர்ஸம்மா புடிச்சு வெக்கிறீங்க? எங்க ஓடிப்போவுது? நாளைக்கும் பெய்யும், நாளன்னைக்கும் பெய்யும்."

வந்து ஐந்து நாள். ஒன்னேபுரம், தளியிலிருந்து நாலு மைல். இதுவும் எங்கள் தருமபுரி மாவட்டம்தான் என்று ஆர்டரில் போட்டிருக்கிறது. நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கிறது.

13 ஜூன்

உப்பு ஜாடியைத் திறந்தேன். உப்பு இல்லை, தண்ணீர் இருந்தது. காவேரி தன் உப்பை அடுப்புக்கு மேலே உறியில் தொங்கவிட்டிருக்கிறாள். தீப்பெட்டி ராகிப் பானைக்குள். துணி காய்வதற்கு ஒரு வழி: தணல் சட்டியின் மேல் பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் துணியை விரிக்க வேண்டும். என் வெள்ளைச் சேலை மூன்றும் இப்போது புகை நாற்றம். அங்கே ஊரில் வெயிலில் போட்டால் அரை மணி நேரத்தில் அப்பளம் மாதிரி ஆகிவிடும்.

21 ஜூன், வெள்ளி

மருத்துவச்சி வேலைக்கு முதல் கேள்வியே தேதிதான். அந்தக் கேள்விக்கு இந்த ஊரில் பதில் இல்லை.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஏழெட்டு வீடு. அதில் மாது என்பவரின் பெண்சாதி தீர்த்தம்மாள். வயிறு நன்றாகத் தெரிகிறது. கிணற்றடியில் பிடித்துக் கேட்டேன்.

"கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்ச?"

"விசாக மழையிலங்க."

"அது எந்த மாசம்?"

"மாசம் தெரியாதுங்க. விசாக மழை நடுவாலங்க." குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மாமியார் கோவிந்தம்மாள் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிஜிஸ்டரில் என்ன எழுதுவது? "விசாக மழை" என்று எழுதினால் மேலே இருப்பவர்கள் சிரிக்க மாட்டார்களா? பிரசவப் பக்கம் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.

24 ஜூன்

இங்கே மழைக்குப் பெயர் உண்டு! நட்சத்திரத்தின் பெயர். ஒவ்வொன்றும் பதின்மூன்று, பதினாலு நாள். ரோகிணி போய் மிருகசீரிடம், அது போய் இப்போது ஆருத்ரா, நம் திருவாதிரை. பெய்தாலும் அந்த மழை, பெய்யாவிட்டாலும் அந்த மழைதான். ராகி விதைப்பது, கடன் கேட்பது, பெண் பார்ப்பது, எல்லாம் அதை வைத்துத்தான்.

காவேரியும் அவள் வீட்டுக்காரர் மாதப்பனும் எனக்கு வரிசை சொல்ல ஆரம்பித்துச் சண்டையில் முடிந்தது. மகம் முந்தியா பூரம் முந்தியா என்று. அவர் கோபித்துக்கொண்டு களியை விட்டு எழுந்துவிட்டார். கடைசியில் அவர் சொன்னதுதான் சரி. பஞ்சாங்கம் பார்த்தேன். காவேரி ஒப்புக்கொள்ளவில்லை, பஞ்சாங்கம் தப்பு என்கிறாள்.

எல்லா மழைக்கும் பக்கத்தில் இங்கிலீஷ் தேதி போட்டு இந்த நோட்டின் கடைசித் தாளில் எழுதிவிட்டேன். விசாகம் நவம்பர் ஆறிலிருந்து. நடுவென்றால் பதின்மூன்று. ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் — ஆகஸ்ட் இருபது. தீர்த்தம்மாளுக்கு மக மழையில் பிரசவம்!

நானே எழுந்து நின்று கை தட்டிக்கொண்டேன்.

9 ஜூலை

இதுவரை ஆறு தடவை வழுக்கி விழுந்திருக்கிறேன். நான் எண்ணவில்லை, ஊர் எண்ணுகிறது. டீக்கடையில் மாதப்பனைக் கேட்கிறார்களாம், "உங்க நர்ஸம்மா கணக்கு எவ்ளோ?" என்று.

19 ஜூலை, வெள்ளி

ஏழாவது. குடையோடு, பையோடு, ஓடைக்கரை வண்டலில் குப்புற. முட்டி பேந்துபோச்சு. எவளும் கதவைத் திறக்கமாட்டேங்கிறா. திண்டாடிப் போய் நின்னா, "நர்ஸம்மா வந்துட்டாங்க" ன்னு உள்ள சத்தம், அப்புறம் தாழ்ப்பாள் சத்தம். நான் என்ன பேயா? எதுக்கு வந்தேன் இந்த ஊருக்கு?

இன்று பார்த்துக் கஸ்பார் அண்ணன் கடிதம். தருமபுரியில் குமாஸ்தாவாக இருப்பதால் அவருக்கு எல்லாம் முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில், கம்பைநல்லூரில் ஒரு இடம் காலியாம். மாற்றல் கேட்கும் பாரத்தை உள்ளே வைத்து அனுப்பியிருக்கிறார். செப்டம்பர் பதினைந்துக்குள் போய்ச் சேர வேண்டும். "கையெழுத்து மட்டும் போடு மேரி, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

கையெழுத்துப் போட்டுவிட்டேன். உறையில் வைத்து ஒட்டவில்லை. பசை ஈரத்தில் தானாகவே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

4 ஆகஸ்ட், ஞாயிறு

தளிக்கு மாதா கோயில் பூசைக்குப் போகக் கிளம்பி, நல்ல பச்சைச் சேலை கட்டியிருந்தேன். பஸ் வரவில்லை. சரி என்று ஓடையைத் தாண்டினேன். முழங்கால் தண்ணீர். ஆச்சரியம்! தீர்த்தம்மாள் வீட்டில் கதவு சாத்தவில்லை. "உள்ள வாங்க" என்று கூடச் சொன்னார்கள்.

கோவிந்தம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னைக்குத்தான் மனுசியாட்டம் வந்திருக்கீங்க" என்றார்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மழைக்காலத்தில், பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டுக்குள் வெள்ளைச் சேலை நுழையக் கூடாது. இவ்வளவுதானா? ரெண்டு மாசம்! காவேரிக்குத் தெரியும், சொல்லவில்லை. கேட்டால், "சர்க்காரு குடுத்த சேலை, எப்படிச் சொல்றது?" என்கிறாள்.

தீர்த்தம்மாள் மெல்லச் சொன்னாள். இதற்கு முன் இரண்டு பிள்ளை. இரண்டும் அழவே இல்லையாம். ரெண்டு தடவையும் ஓடையில் வெள்ளம், ஒருவரும் வந்து சேர முடியவில்லை. சொல்லும்போது அவள் அழவில்லை, பாயின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"மக மழை நடுவுல உனக்கு வலி எடுக்கும்" என்றேன்.

கோவிந்தம்மாள் திரும்பிப் பார்த்தார். "மழைக்கணக்கு உங்களுக்கு ஆரு சொன்னா?"

"முன்னாடியே எங்க வூட்டுக்கு வந்துடட்டுங்க. அக்கரையில இருந்தா ஆஸ்பத்திரி ஜீப் வரும்" என்றேன். முடியவே முடியாது என்றுவிட்டார். நிறைமாதக்காரி ஓடும் தண்ணீரைத் தாண்டக் கூடாதாம்.

17 ஆகஸ்ட், சனி

நேற்று மகம் பிறந்தது. சொல்லி வைத்தது போல இரவெல்லாம் கொட்டுகிறது. காலையில் ஓடை இடுப்பளவு. நாளைக்குத் தாண்ட முடியாது என்கிறார் மாதப்பன்.

அவள் தாண்டக் கூடாது, சரி. நான் தாண்டலாமே?

வெள்ளைச் சேலையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். அதிகாரி கேட்டால் கேட்கட்டும். காவேரி தன் கம்பளியைக் கொண்டுவந்து, இங்கே எல்லோரும் செய்வது போல ஒரு முனையை மடித்துக் கூம்பாக்கி என் தலையில் மாட்டினாள். ஆட்டு நாற்றம் தாங்கவில்லை. ஆனால் உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. குடையை விட்டுவிட்டேன். மாதப்பன் என் பையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் இறங்கினார். நடு ஓடையில் கால் பெயர்ந்தது. மாதாவே என்று கத்தினேன், அவர் தோளைப் பிடித்தேன். கரையேறிவிட்டேன்.

விழவில்லை!

19 ஆகஸ்ட்

தீர்த்தம்மாள் வீட்டில் மூன்றாவது நாள். ஓடை கரை புரண்டு போகிறது. இனி நினைத்தாலும் திரும்ப முடியாது.

கோவிந்தம்மாள் என்னோடு பேசுவதில்லை. சோறு மட்டும் வருகிறது, தட்டு நிறைய. நான் ராகி அரைத்துக் கொடுத்தேன். நன்றாக அரைப்பேன். திருகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உங்கூர்லயும் களிதானா?" என்றார். களிதான் என்றேன். அதற்குப் பிறகு கொஞ்சம் பேச்சு வருகிறது.

எனக்கு உள்ளுக்குள் பயம். கணக்குத் தப்பினால்? இருபதும் போய், முப்பதும் போய், நான் இங்கேயே உட்கார்ந்திருந்தால்? பயிற்சியில் பக்கத்தில் ஒரு பெரிய நர்ஸ் நின்றார். இங்கே யார்?

21 ஆகஸ்ட், புதன்

எல்லாம் முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். மறப்பதற்குள் எழுத வேண்டும்.

விடியும்போது வலி. பகல் பதினொன்றுக்குத் தலை தெரிந்தது. கொடி கழுத்தைச் சுற்றி இரண்டு சுற்று. இதுதான். போன இரண்டு தடவையும் இதுவாகத்தான் இருந்திருக்குமோ? விரலை விட்டு ஒரு சுற்றைத் தளர்த்தித் தலைக்கு மேல் எடுத்தேன், மற்றது வரவில்லை, கட்டி வெட்டினேன். ஆண். நீலமாக. அழவில்லை.

தீர்த்தம்மாள் கேட்கிறாள், "நர்ஸம்மா, சத்தம் கேக்கலியே? சத்தம் கேக்கலியேங்க?"

வாயில் இருந்த சளியை எடுத்தேன். முதுகைத் தேய்த்தேன். ஒன்றுமில்லை. வாயில் வாய் வைத்து ஊதினேன். மெதுவா, மெதுவா, லூர்து மேரி, கன்னத்துக் காத்து மட்டும் போதும். எத்தனை தடவை? தெரியாது. கோவிந்தம்மாள் கணப்புச் சட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார், துணியைச் சூடு காட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். நான் கேட்கவே இல்லை. அவராகவே.

முதலில் ஒரு விக்கல். அப்புறம் பூனைக்குட்டி மாதிரி. அப்புறம் — மழைச் சத்தத்தை மிஞ்சிக்கொண்டு ஒரு கத்தல்!

வெளியே மாது தூணைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். கோவிந்தம்மாள் என் வேர்வையைத் தன் முந்தானையால் துடைத்தார்.

ரிஜிஸ்டரில் முதல் வரி எழுதினேன். ஒரு நாள் தப்பியிருக்கிறேன்.

3 செப்டம்பர்

ஓடை வடிந்ததும் பெண்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு மூன்று மாதமாக மறைத்து வைத்திருந்ததைக் கிணற்றடியில் நின்று சத்தமாகச் சொல்கிறார்கள். "எனக்குத் திருவாதிரைங்க, எப்ப வரும்?" "எம் மருமவளுக்கு ரோகிணி!" சந்தையில் ஜோசியம் பார்ப்பது மாதிரி இருக்கிறது. ஒருத்தி தன் எருமைக்கும் கேட்டாள். அதற்குக் கணக்கு வேறு என்றேன். வருத்தப்பட்டுக்கொண்டு போனாள்.

12 செப்டம்பர்

கஸ்பார் அண்ணனுக்கு எழுதினேன். "பாரத்தை அனுப்பவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம். திருவாதிரைக்காரி மூன்று பேர், ரோகிணிக்காரி இரண்டு பேர் இருக்கிறார்கள். அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்."

20 செப்டம்பர், வெள்ளி

தீர்த்தம்மாள் மகனுக்கு இன்று பெயர் வைத்தார்கள். காலையில் கொஞ்சம் வெயில் கூட அடித்தது.

இந்தப் பக்கத்தில் கன்னட வீடுகளைப் போலத் தமிழ் வீட்டிலும் ஒரு வழக்கம் இருக்கிறது. தொட்டிலில் இருக்கும் குழந்தையின் காதில் அத்தை குனிந்து "குர்ர்ர்..." என்று மூன்று தடவை ஊதிவிட்டு, அப்புறம் பெரியவர்கள் பார்த்து வைத்திருக்கும் பெயரைச் சொல்ல வேண்டும். அப்பன் கூடப் பிறந்தவள்தான் சொல்ல வேண்டும், குழந்தையின் தாய் அண்ணி என்று கூப்பிடுகிறவள். நான் ஓரமாக நின்று, யார் அந்த அத்தை என்று தேடிக்கொண்டிருந்தேன்.

கோவிந்தம்மாள் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "எம்மவனுக்குக் கூடப் பொறந்தது ஆரும் இல்ல. மேரி, நீ வா."

"நான் வேதக்காரிங்க" என்றேன்.

"அவன் மூச்சுக்கு அது தெரியுமா? வா."

குனிந்தேன். முதல் தடவை சரியாக வந்தது. இரண்டாவது தடவை அவன் என் மூக்கைப் பிடித்துக்கொண்டான். மூன்றாவதுக்கு எனக்குச் சிரிப்பு வந்து எச்சில் தெறித்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். "மாயவன்" என்றேன், காதில்.

கூட்டம் கலைந்ததும் கிளம்பினேன். தீர்த்தம்மாள் உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணி, இலை போட்டாச்சு. சாப்டாம எங்க போறீங்க?"

பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. உள்ளே போய் உட்கார்ந்தேன்.