மூன்று மிடறு இளநீர்

அன்பு மகள் சுலோஜனாவுக்கு,

மாமாங்கேஸ்வரர் புண்ணியத்தில் நான் நடமாடித் திரிகிறேன், நீயும் கொழும்பில் காய்ச்சல் தலையிடி இல்லாமல் இருக்க வேண்டும். வன்னியில் சண்டை முடிந்தது என்று ரேடியோவில் சொல்லி இரண்டு கிழமை, சுனாமிக் கடல் வந்து இது ஐந்தாம் வருசம். போன மாரியில் பறந்த தகரத்தை இன்னும் அடிக்கவில்லை, ஆடு இரண்டும் செத்துப்போயின. உன் கடிதத்தை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கார்மெண்ட் வேலையை விட்டு நர்ஸாகப் போகிறேன், ஆறு மாதப் படிப்பா மூன்று வருசப் படிப்பா என்று கேட்டிருக்கிறாய், வயசும் போகுது அப்பா, ஆறு மாதத்தில் வெள்ளைச் சட்டை போடலாம் என்றும் எழுதியிருக்கிறாய். அதற்கு மறுமொழி போனில் சொல்லக்கூடியது இல்லை.

உன் அம்மா அன்னப்பூரணியைக் கடல் கொண்டுபோனது என்றுதான் உனக்குச் சொன்னேன். அது முழு உண்மை இல்லை மகள். வெள்ளத்தில் சோளமெல்லாம் அழுகின அந்த மார்கழியில், கடல் வந்து வற்றினபிறகு, களப்புத் தண்ணி ஓரம் கண்டல் மரத்து வேருக்குள் அவளை உயிரோடு எடுத்தோம். நினைவு இல்லை, தொண்டையில் கறகறவென்று மூச்சு மட்டும் ஓடினது. என் அக்கா ஆச்சிப்பிள்ளை பார்த்துவிட்டு, சீவன் இழுக்குதுடா தம்பி, கடைசித் தண்ணியக் குடு, இல்லாட்டி தாகத்தோட அந்தரிச்சுப் போவாள் என்றாள். கிணறெல்லாம் உப்பு. என் தம்பி தெய்வமணி விழுந்து கிடந்த தென்னையில் ஒரு இளநீரை வெட்டித் தந்தான். அக்காவின் மகள் கலாஜினி அப்போதுதான் ஆறு மாதம் படித்து வெள்ளைச் சட்டையோடு வந்தவள். ஊத்தட்டா புள்ள என்று அவளிடம் கேட்டேன். ஓம் மாமா, ஊத்துங்க என்றாள். மூன்று மிடறு ஊற்றினேன். மூன்றாவதில் புரையேறி அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். மறுகா மூச்சு இல்லை.

இரண்டு வருசம் கழித்து இடம்பெயர்ந்து இருந்த முகாமில் நபீஸா என்ற முஸ்லிம் நர்ஸம்மா, நினைவில்லாத ஆளுக்கு வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது, பக்கவாட்டில் கிடத்த வேண்டும் என்று எல்லோருக்கும் காட்டித் தந்தார். அம்மாவின் கதையைச் சொல்லி, ஊத்தாம விட்டிருந்தா பிழைச்சிருப்பாளா என்று கேட்டேன். பாக்காமச் சொல்ல ஏலாது வாப்பா, ஆனா ஊத்தியிருக்கப்படாது என்றார். மூன்று வருசம் படித்தவர் அவர்.

கலாஜினியில் பிழை சொல்லாதே. ஊற்றின கை என்னுடையது. எங்களுக்கு மருந்து எடுத்துக் குடுக்கவும் கட்டில் விரிக்கவும்தான் படிப்பிச்சவங்க மாமா, தெரியாது எண்டு சொல்ல வெக்கமாக் கிடந்தது என்று இன்றைக்குத்தான் வாய் திறந்தாள். அந்தச் சட்டையை அவள் பிறகு போடவே இல்லை.

மூன்று வருசத்துக்கே போ மகள். வயசு படித்தாலும் போகும் படிக்காவிட்டாலும் போகும். வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளையைச் சனம் திரும்பிப் பார்த்துக் கேட்கும், அந்த நேரத்துக்கு உனக்கு மறுமொழி தெரிந்திருக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, அம்மாவின் திவசத்துக்கு லீவு கேட்டு வா. கண்ணகை அம்மன் உன்னைக் காப்பாற்றுவாள்.

அன்று அம்மாவைச் சுற்றி நின்றவர்களில் ஆச்சிப்பிள்ளை இடம்பெயர்ந்து ஓடும்போது ஷெல் விழுந்து செத்தாள், தெய்வமணி வலை போடப் போய்த் திரும்பவில்லை, நானும் இன்னும் எத்தனை நாளைக்கு. கீழே என் பெருவிரலை வைக்கிறேன்.

இப்படிக்கு உன் அப்பா பாலசுந்தரம். நான் சொல்லச் சொல்ல அழுதழுது இதை எழுதினவள், எனக்குப் பிறகு அந்த இடத்தில் நின்றவர்களில் மிஞ்சப்போகிறவள், உன் மச்சாள் கலாஜினி.