ஒன்றுக்கு நீ அடித்த எழுத்து

இன்று காலை உன் கடைசி மின்னஞ்சலைத் தேடினேன். "10 மணி பஸ்" என்று அதில் எழுதியிருந்தாய், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கணினியோ அப்படி எதுவும் இல்லை என்றது. உனக்குக் காரியம்கூட இன்னும் முடியவில்லை, அதற்குள் நீ எழுதியதும் இல்லாமல் போய்விட்டதா?

முன்பும் ஒருமுறை இப்படித்தான். எண்பதுகளின் கடைசி. ஜவ்வாது மலைமேல் நம் மழை ஆய்வு அலுவலகத்துக்குக் கணினி வந்த புதிது. ஊர்வாரியாக வந்த மழை அளவுகளை நீ தட்டச்சு செய்வாய். அவற்றைக் கூட்டும் நிரலை நான் எழுதியிருந்தேன். நீ அடித்ததில் பாதியை அது 'எண் அல்ல' என்று தள்ளிவிட்டது. திரையில் பார்த்தால் எல்லாம் எண்கள்தான். அதிகாரிக்கு மூக்குக்கு மேல் கோபம். "கவனமே இல்ல. திங்கக்கெழமலருந்து வேற ஆள் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெளிறிய முகத்தோடு என் மேசையருகே வந்து நின்றாய். "இந்த வேல போச்சுன்னா வூட்ல என்ன மாமனுக்குக் கட்டி வச்சிடுவாங்கக்கா. நான் சரியாத்தான் அடிச்சேன்."

கண்ணை நம்பிப் பயனில்லை. ஒவ்வொரு எழுத்தும் கணினிக்குள் எந்தக் குறியெண்ணாக இருக்கிறது என்று காட்டும் சிறு நிரல் ஒன்றை எழுதி ஓடவிட்டேன். ஒன்று என்றால் 49 வர வேண்டும். வந்தது 108. அடுத்த வரியிலும் 108. அது ஆங்கிலத்தின் சின்ன 'எல்'. ஒன்று இருக்க வேண்டிய இடமெல்லாம் அதே எழுத்து!

"ஏன்டி எல் அடிச்ச?"

"இன்னாக்கா கேக்கற? ஒண்ணுக்கு வேற இன்னா அடிப்பாங்க?"

ஆலங்காயத்தில் நீ பழகிய தட்டச்சுப் பொறியில் ஒன்றுக்கென்று விசையே கிடையாதாம். அங்கே எல்லாரும் 'எல்'தான் அடிப்பார்களாம். அதிகாரி தன் அறையிலிருந்த பழைய பொறியில் ஒன்றுக்கான விசையைத் தேடிப் பார்த்தார், அதிலும் இல்லை; வேறு ஆள் பேச்சை அத்தோடு விட்டுவிட்டார். எண்ணுக்கு நடுவே 'எல்' வந்தால் ஒன்றாக எடுத்துக்கொள் என்று நிரலில் ஒரு வரி சேர்த்தேன். உன் வேலை தப்பியது, மாமனிடமிருந்து நீயும் தப்பினாய். விரல் மட்டும் திருந்தவேயில்லை. திட்டினால், "அதான் நீ இருக்கியேக்கா, மாத்திக்க" என்பாய்.

இன்று அது நினைவுக்கு வந்ததும், தேடும் கட்டத்தில் ஒன்றை அழித்துவிட்டு 'எல்' அடித்தேன். வந்துவிட்டாய்.

"l0 மணி பஸ்ல வர்றேன்க்கா. சாமச்சோறு ஆக்கி வை."

சாமையரிசிச் சோறு ஆக்கி வைத்தேன். பஸ்ஸும் வந்தது. நீ ஆலங்காயம் பஸ் நிலையத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாயாம். என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

மாற்றிக்கொள்ள நான் இருக்கிறேனடி. அடித்து அனுப்பத்தான் நீ இல்லை.